உடைசலுக்கு ஒன்று

எங்கள் பட்டறையில் எந்த வேலைக்கும் ஒரு கல் கூடுதலாகத்தான் வெட்டுவோம். பத்து கேட்டால் பதினொன்று, இருபது கேட்டால் இருபத்தொன்று. அதற்குப் பெயர் 'உடைசலுக்கு ஒண்ணு'. லாரியில் ஏற்றும்போது ஒன்று உடையும். அப்போது உடையாவிட்டால் இறக்கும்போது உடையும். அப்போதும் உடையாவிட்டால் எவனாவது அதன்மேல் ஏறி நின்று போன் பேசுவான், உடைந்துவிடும். அப்பா காலத்திலிருந்து இது தவறியதே இல்லை. அதனால் போய்ச் சேர்ந்த கல்லை நாங்கள் யாரும் எண்ணிப் பார்ப்பதும் கிடையாது.

இப்படிப்பட்டவர்களிடம் வந்து, எண்ணிக்கையே உயிர்நாடி என்று ஒரு நினைவுச்சின்னத்தைக் கட்டச் சொன்னால் என்ன ஆகும்? அதேதான் ஆனது.

தம்பி கல் வெட்டுவான், நான் அதில் எழுத்து வெட்டுவேன். கல்லறைக் கல், வீட்டு வாசல் பலகை, கட்டடங்களின் திறப்பு விழாக் கல். என் உளி பெயர் வெட்டாத பெரிய மனிதர் இந்த ஊரில் இல்லை. அதில் பாதிப்பேர் திறந்துவைத்த கட்டடங்கள் இப்போது இல்லை, கல் மட்டும் இருக்கிறது. இந்த வேலையோடு இன்னொரு வேலையும் வந்து என் தலையில் விழுந்திருந்தது. இப்போதெல்லாம் சும்மா ஒரு கல்லை நட்டுவிட்டுப் போக யாரும் விடுவதில்லை. இந்தத் தூண் எதைக் குறிக்கிறது, அந்த வளையம் எதைக் குறிக்கிறது என்று ஒரு தாள் கேட்கிறார்கள். அதை நாங்கள் அர்த்தத் தாள் என்போம். தம்பிக்கு அதெல்லாம் ஆகாது. "தூண் எதைக் குறிக்குதுன்னு கேட்டா, மேல பாரம் இருக்குன்னு குறிக்குது, அவ்ளோதான்னு எழுதுக்கா" என்பான். எழுதினால் அடுத்த வேலை வருமா? அதனால் நான் உலகத்தில் உள்ள நினைவுச்சின்னங்களின் படங்களையெல்லாம் வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று படித்து வைத்திருந்தேன். தெரிந்ததை வைத்து, தெரியாததைச் சமாளிப்பேன்.

கல்லறையும் வாசல் பலகையுமாகவே போய்க்கொண்டிருந்த எங்களுக்கு, முதல் முறையாக ஒரு பெரிய வேலை வந்தது. பஸ் டிரைவரின் நினைவுச்சின்னம்.

பதினோரு வருஷத்துக்கு முன் நடந்தது அது. மலைப்பாதை ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டது. கைப்பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் கால் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, எல்லாரையும் இறங்கச் சொன்னார். கண்டக்டர் முன்வாசலில் நின்று ஒவ்வொருவராக எண்ணி இறக்கினார். நாற்பத்திரண்டு டிக்கெட், நாற்பத்திரண்டு பேர். "முடிஞ்சுது, நீயும் குதி" என்று கத்தினார். டிரைவர் குதிக்கவில்லை. "இன்னும் ஒருத்தர் இருக்கார், கண்ணாடியில தெரியறார்" என்றார். "யாரும் இல்லைய்யா, நான் எண்ணிட்டேன்" என்றார் கண்டக்டர். அதற்குள் பிரேக் விட்டுவிட்டது. பஸ் பின்னால் உருண்டு பள்ளத்தில் விழுந்தது. பஸ்ஸுக்குள் கிடைத்தது டிரைவர் மட்டும்தான்.

விசாரணை அறிக்கையில் ஒரு வரி எழுதினார்கள். 'ஓட்டுநர் பதற்றத்தில் எண்ணிக்கை தவறினார். குதித்திருந்தால் உயிர் தப்பியிருக்கலாம்.' ஊர் அதையே பிடித்துக்கொண்டது. பாவம், தங்கமான மனுஷன், எண்ணத் தெரியாமல் செத்துப்போனார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். தன்னையும் சேர்த்து எண்ணியிருப்பார் என்று சிலர் விளக்கம் வேறு கொடுப்பார்கள். இதையெல்லாம் பதினோரு வருஷமாக அவருடைய மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறார். பஸ் சீட்டுக்கு உறை தைக்கிற கடையில் வேலை செய்கிறார். எனக்கு அக்கா முறையில்லை, ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

நினைவுச்சின்னம் என்றதும் அக்கா இரண்டே இரண்டு விஷயம்தான் கேட்டார். "எண்ணிக்கை தப்பினார்னு ஒரு எழுத்துகூட அங்க இருக்கக்கூடாது. அப்புறம், ஒரு கண்ணாடி வைக்கணும். அவர் பார்த்தாரே, அந்த மாதிரி."

இந்த அக்கா ஒரு தடவை அங்கே வந்து நின்று, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்று அன்றே நினைத்தேன்.

நினைவுச்சின்னம் கட்ட அமைத்த குழுவில் ஐந்து பேர். மூன்று பேர் வரமாட்டார்கள். தலைவர் வருவார், வந்து தூங்குவார். மிச்சம் ஒருவர், வாத்தியார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஊரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள், நான் உட்பட. மூன்று வருஷம் படித்து இரண்டு வருஷம் பெயிலானேன். பெயிலானவர்களையாவது விட்டுவிடுவார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கியவன் கதி அதைவிட மோசம். அவனை எழுப்பி நிறுத்தி, "அந்த ஒண்ணு எங்க போச்சு?" என்பார். அவன் முழிப்பான். மணி அடிக்கிறவரை முழித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நினைவுச்சின்னத்துக்காகப் பத்து வருஷம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர் அவர்தான். கையில் ஒரு கறுப்புக் குடை, கக்கத்தில் ஒரு நோட்டு. அந்த நோட்டில் உலகத்துச் சின்னங்கள் எல்லாம் எண்களாக இருக்கும். முதல் கூட்டத்திலேயே குடை நுனியால் மேஜையைத் தட்டினார்.

"மெக்சிகோவில ஒரு படிப் பிரமிட் இருக்கும்மா. நாலு பக்கமும் பக்கத்துக்குத் தொண்ணூத்தி ஒண்ணு படி. எவ்ளோ ஆச்சு?"

மேஜைக்கு அடியில் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். இந்த வயதிலும்.

"முன்னூத்தி அறுபத்தி நாலு" என்று அவரே சொன்னார். "மேல்தளத்தையும் சேர்த்தா முன்னூத்தி அறுபத்தஞ்சு. ஒரு வருஷம்! நமக்கும் அப்படி வேணும். நாப்பத்திரெண்டு உயிர், நாப்பத்திரெண்டு படி. ஒண்ணு கூடக்கூடாது, ஒண்ணு குறையக்கூடாது."

இன்னொரு நாள் குதிரைச் சிலையைப் பற்றி ஆரம்பித்தார். குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கியிருந்தால் மேலே இருப்பவன் போரில் செத்தவன், ஒன்றைத் தூக்கியிருந்தால் காயத்தால் செத்தவன் என்று ஒரு பேச்சு உண்டல்லவா, அது. எல்லாச் சிலைக்கும் அது பொருந்தாது, யாரோ கட்டிவிட்டது என்று நான் படித்திருந்தேன். நான் வாய் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "சார், குதிரை ரெண்டு காலையும் தூக்கினா வாலை இரும்பால தரையில முட்டுக்கொடுக்கணும், இல்லன்னா மூக்கு அடிபட விழும். எங்களுக்கு அதுதான் அர்த்தம்." வாத்தியார் அவனைப் பார்த்த பார்வையில் அவனும் பெயில் என்று தெரிந்தது.

கடைசியில் முடிவானது இது. கீழே பஸ் நிறுத்தத்திலிருந்து மேலே பஸ் நின்றுபோன அந்த வளைவு வரைக்கும் நாற்பத்திரண்டு கல்படி. மேலே கல்லில் ஒரு டிரைவர் இருக்கை, காலியாக. இருக்கையின் முதுகு படிக்கட்டைப் பார்த்திருக்கும், எதிரே கம்பத்தில் அக்கா கேட்ட கண்ணாடி. உட்கார்ந்து பார்த்தால் பின்னால் படியேறி வருகிற ஆள் தெரிவான். கண்ணாடிக்கு மட்டும் வாத்தியார் ரொம்ப முரண்டு பிடித்தார். வெயிலில் கண் கூசும் என்றார், காக்கா கொத்தும் என்றார், கடைசியில் எண்ணிக்கையில் வராத பொருள் எதற்கு என்றார். தூங்கிக்கொண்டிருந்த தலைவர் கண்ணைத் திறந்து, "அந்தம்மா கேட்டிருக்காங்க, வைங்கய்யா" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார். அந்த மனுஷர் குழுவில் செய்த ஒரே வேலை அதுதான், ஆனால் உருப்படியான வேலை.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை காலை வாத்தியாரிடமிருந்து போன்.

"படி நாப்பத்திமூணு இருக்கு."

"நல்லா எண்ணிப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது.

"யாரைப் பார்த்து எண்ணச் சொல்றே? கூடுதலா இருக்கிற ஒண்ணை எடுத்துடு."

தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். ஏறும்போது எண்ணினோம், நாற்பத்து மூன்று. இறங்கும்போது எண்ணினோம், நாற்பத்து மூன்று. மேலே கொத்தனார் இருக்கைக்குப் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அனுப்பினதை எல்லாம் போட்டேன்" என்றார் அவர், என்னவோ பாராட்டப்போகிறோம் என்ற முகத்துடன். "ஒரு கல்லுகூட மிச்சம் வைக்கல. அடியில ஒரு படிக்கு இடம் இருந்துச்சு, அப்படியே கச்சிதமா உட்கார்ந்துச்சு."

தம்பி அப்படியே கல்மேல் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பயம் இல்லை, ஆச்சரியம். "ஒண்ணுகூட உடையலையாக்கா? லாரி அந்தக் குழியில எல்லாம் விழுந்து வந்துச்சே! அப்பா காலத்துல இருந்து இப்படி நடந்ததே இல்லையே!"

"வாயை மூடு" என்றேன். உடையாத கல்லைப் பார்த்து வயிறு எரிந்த ஒரே கல்தச்சர் குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

அடிப்படியைப் பெயர்த்து எடுக்கலாம், ஆனால் அதற்கு மேலே இருக்கிற படி முழங்கால் உயரத்தில் தொங்கும். ஏற வருகிறவர்களுக்கு ஏணிதான் வைக்க வேண்டும். மண் கொட்டி மேடாக்கலாம், மழை வந்தால் கரைந்துவிடும். அதோடு, படி எண்ணத் தெரியாத பட்டறை என்ற பெயர் ஒரு தடவை வந்துவிட்டால் அப்புறம் யார் எங்களிடம் வேலை கொடுப்பார்கள்? ஊர் ஒரு பட்டப்பெயரைப் பிடித்தால் விடாது என்பதற்கு அக்கா வீட்டுக்காரர் கதையே போதாதா?

இனி அர்த்தம்தான் எங்களைக் காப்பாற்ற வேண்டும். சுவரில் இருந்த படங்களை எல்லாம் பிய்த்து எடுத்துக்கொண்டு குழுவின் அறைக்குப் போனேன். தலைவர் தூக்கத்தில் இருந்தார். வாத்தியார் விழித்திருந்தார்.

"சார், வாஷிங்டன்ல அந்த உயரமான தூணைப் பாருங்க. கால்வாசி உயரத்துக்குக் கொஞ்சம் மேல நிறம் மாறியிருக்கா? பார்க்கிறவங்க எல்லாம் இதுக்கு என்ன அர்த்தம்னு கேக்கறாங்க. ஒரு அர்த்தமும் இல்ல. வேலை இருபது வருஷத்துக்கு மேல நின்னுபோச்சு, திரும்ப ஆரம்பிச்சப்போ வேற இடத்துக் கல். அதுக்காக இடிச்சாங்களா?"

"நிறம் எண் இல்ல."

"பாரிஸ்ல இருக்கிற இரும்புக் கோபுரம், இருபது வருஷத்துல பிரிச்சிடறதா இருந்தது. பிரிச்சாங்களா?"

"அதுவும் எண்ணிக்கைத் தப்பு இல்ல."

"நியூயார்க் சிலையோட காலடியில அறுந்த சங்கிலி கிடக்கு. கீழ இருந்து பார்த்தா தெரியவே தெரியாது. தெரியாத இடத்துலகூட ஒரு அர்த்தம் இருக்கலாம் இல்லையா சார்?"

"நீ சுத்தி வளைக்கிறே" என்றார் வாத்தியார். "பரீட்சையிலயும் இப்படித்தான் பண்ணுவே. விடை தப்பா இருக்கும், பக்கம் பக்கமா எழுதியிருப்பே."

கோபம் தலைக்கு ஏறியது. ஏறியதில்தான் அந்த யோசனையும் வந்தது. "சார், உங்க மெக்சிகோ பிரமிட்டில மேல்தளத்தையும் சேர்த்துத்தானே கணக்கு வந்தது? நம்ம நாப்பத்தி மூணாவது, டிரைவர்! நாப்பத்திரெண்டு பயணிகள், கூட அவர். தன்னையும் சேர்த்துத்தானே அவர் எண்ணினார்னு ஊரே சொல்லுது. அதையே அர்த்தமா வைப்போம்."

வாத்தியார் நோட்டை மூடினார். பிறகு அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே. பல வருஷத்துப் பல்வலி நின்றுபோன முகம் அது. "ரொம்பச் சரி" என்றார். "தன்னையும் சேர்த்து எண்ணிட்டார். அதான் விளக்கம். அதுக்கு மேல யாரும் கேக்கவே வேண்டாம். எழுதும்மா. நூத்துக்கு நூறு."

நூற்றுக்கு நூறு! முப்பது வருஷம் கழித்து அந்த மனுஷர் வாயிலிருந்து. நான் தரையில் கால் படாமல் பட்டறைக்கு வந்தேன். அர்த்தத் தாளைப் பளபளவென்று எழுதினேன். தம்பியைப் பிடித்து உட்காரவைத்து இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

"நல்லா இருக்கு" என்றான். "ஆனா பொய் தானேக்கா?"

"அர்த்தம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா வந்தார். கையில் ஒரு பை. கல் இருக்கைக்கு ஓர் உறை தைத்துக்கொண்டு வந்திருந்தார், பஸ் சீட்டு உறை மாதிரியே, ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டு. "கல்லு சுடும்ல, உட்கார்றவங்களுக்கு" என்றார். எனக்கு என் எழுத்தைக் காட்டாமல் இருப்புக் கொள்ளவில்லை. தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தார். படித்து முடித்துவிட்டு, மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"நீயுமா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"தன்னைச் சேர்த்து எண்ணிட்டாராம். வீட்டுல சாப்பிடத் தட்டு எடுத்து வைக்கச் சொன்னா, எத்தனை பேர்னு எண்ணி எண்ணி எடுத்து வைப்பார். எப்பவும் ஒண்ணு குறையும். அவரோடது. தன்னை எண்ணிக்கத் தெரியாத மனுஷன்மா அவர். அவரா தன்னை எண்ணுவார்? அவர் இன்னொருத்தர் இருக்கார்னு சொன்னார்னா, இன்னொருத்தர் இருந்தார். இருபத்தாறு வருஷம் அந்தக் கண்ணாடியைப் பார்த்தே ஓட்டினவர்."

நூற்றுக்கு நூறு என் மூக்கின் மேலேயே வந்து விழுந்தது. எந்த வரி அங்கே இருக்கக்கூடாது என்று அவர் கேட்டாரோ, அதையே அழகான தமிழில், அர்த்தம் என்று பெயர் வைத்து எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெளிப்படையாகச் சொல்கிறேன், அவ்வளவு வெட்கம் நான் பெயிலானபோதுகூட இல்லை.

"ஆனா படி நாப்பத்தி மூணு இருக்காமே?" என்றார் அக்கா. அவர் குரலில் ஒரு நம்பிக்கை மெல்ல எழுந்தது. "அவர் சொன்ன கணக்கு. யாரு போட்டது? யாருக்காவது எதாவது தெரியுமா?"

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். ஏதோ ஒரு சக்தி, ஏதோ ஒரு அதிசயம் என்று இன்னொரு தாள் எழுதியிருக்கலாம். அது எனக்குக் கை வந்த வேலைதானே. ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை ஏமாற்றியாகிவிட்டது, இன்னொரு தடவை மனசு வரவில்லை.

"உடைசலுக்கு ஒண்ணுக்கா" என்றேன். கூடுதல் கல்லைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, குழி, கொத்தனார், ஒன்றும் உடையாதது, எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகம் இறங்கிக்கொண்டே போனது.

"அப்ப தப்பா வந்த கல்லு" என்றார். "எடுத்துடுங்க. அவர் பேர்ல தப்பா ஒண்ணு இருக்க வேண்டாம்." உறையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை தம்பி கடப்பாரையும் சம்மட்டியும் எடுத்துக்கொண்டு வந்தான். முகத்தை உம்மென்று வைத்திருந்தான். உடையாமல் வந்த ஒரே கல்லைத் தன் கையாலேயே உடைக்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அக்காவும் வந்திருந்தார், எடுப்பதைக் கண்ணால் பார்க்க. வாத்தியார் குடையோடு வந்தார். அந்தக் கல்லை எடுத்துவிட்டு மண் கொட்டப்போகிறோம் என்று முந்தின நாளே போனில் அவரிடம் சொல்லியிருந்தேன்.

அக்கா அவரிடம் போய் நின்றார். "உங்க கணக்குப்படியே இருக்கட்டும் சார். நாப்பத்திரெண்டு. பதினோரு வருஷமா நான் ஒருத்திதான் தப்பா எண்ணிட்டு இருந்தேன் போல. கண்டக்டர் எண்ணினார், அரசாங்கம் எண்ணுச்சு, நீங்க எண்ணினீங்க. இத்தனை பேரு தப்பா இருப்பீங்களா? அவர்தான் பயத்துல குழம்பியிருப்பார். விடுங்க."

தம்பி அடிப்படியின் இடுக்கில் கடப்பாரையைச் செருகினான்.

வாத்தியார் வந்து அந்தப் படிமேல் உட்கார்ந்தார்.

"சார், கொஞ்சம் எழுந்திருங்க" என்றான் தம்பி.

எழுந்திருக்கவில்லை. குடையை முழங்காலுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு, பரீட்சை அறையில் பேப்பரைக் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பையனைப் போல உட்கார்ந்திருந்தார்.

"சார், கடப்பாரை வழுக்கினா உங்க இடுப்பு போயிடும்."

"போகட்டும்."

"சார்!" என்று நான் கத்தினேன். எனக்குப் பொறுமை அவ்வளவுதான். "புதன்கிழமை நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க. இப்ப நீங்களே உட்கார்ந்துக்கறீங்க. என்னதான் வேணும் உங்களுக்கு?"

"நான்தான் அது" என்றார்.

"எது?"

"நாப்பத்தி மூணு."

வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு அவசரத்தில் மணிபர்ஸை வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாராம். பஸ்ஸில் அவரிடம் படித்தவர்கள் மூன்று பேர். தொண்ணூற்றொன்பதுக்கு நிற்க வைத்தவர், அவர்கள் முன்னால் டிக்கெட்டுக்குக் காசில்லை என்று எப்படிச் சொல்வார்? கடைசி சீட்டில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். கூட்டத்தில் கண்டக்டர் கவனிக்கவில்லை. ஏற்றத்தில் பஸ் திடீரென்று நின்று, எல்லாரும் இறங்குங்கள் என்று சத்தம் கேட்டதும் இவர் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்.

"டிக்கெட் பரிசோதனைன்னு நினைச்சேன்" என்றார் வாத்தியார். "சீட்டுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டேன்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சிரிக்கிற இடமில்லை என்று அவனுக்கும் தெரியும். கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றான், தோள் குலுங்கியது. எனக்கும் ஒரு நொடி அந்தக் காட்சி கண்ணில் வந்தது. எங்களை எல்லாம் நடுங்க வைத்த மனிதர், குடையும் தானுமாக ஒரு பஸ் சீட்டுக்கு அடியில். அடுத்த நொடி அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அங்கே ஒளிந்திருந்த நேரமெல்லாம் ஒரு மனிதர் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாரே.

"கொஞ்சம் பொறுத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடியில அவர் என்னைப் பார்த்தார். பின்வாசல்ல இறங்குங்க சார்னு கத்தினார். வெளியில இருந்த கூச்சல்ல அது கண்டக்டர் காதுல விழல. அப்பதான் புரிஞ்சுது. குதிச்சேன். எல்லாரும் முன்பக்கம் நின்னாங்க, யாரும் கவனிக்கல. கூட்டத்தோட போய் நின்னுக்கிட்டேன். அப்புறம் விசாரணையில நாப்பத்திரெண்டுன்னாங்க. நானும் நாப்பத்திரெண்டுன்னே இருந்துட்டேன்."

அக்கா அவர் பக்கத்தில் நெருங்கி வந்தார். அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அடித்தால் தடுக்கக்கூடாது என்றும் முடிவு செய்திருந்தேன்.

"நீங்க குதிச்சதை அவர் பார்த்தாரா?" என்று கேட்டார்.

"பார்த்தார்" என்றார் வாத்தியார். "கண்ணாடியில. நான் கீழ விழுந்து எழுந்து பார்த்தேன். தலையை ஆட்டினார், சரின்னு. சீட்டை விட்டு எழுந்திருக்கப் போனார். அதுக்குள்ள பஸ் நகர்ந்துடுச்சு."

அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, ஆனால் குரல் தடுமாறவில்லை. "அப்ப எண்ணி முடிச்சுட்டார்" என்றார். "சரியா எண்ணிட்டார்."

பிறகு தம்பியிடம் திரும்பினார். "கடப்பாரையை எடு தம்பி. அந்தப் படி இருக்கட்டும்."

அன்று மதியமே வாத்தியார் விசாரணை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதியதை என்னிடம் காட்டினார். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை இருந்தது. நான் சொல்லவில்லை. நான் பழைய அர்த்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே சின்ன அர்த்தத் தாள் அது: 'படிகள் நாற்பத்து மூன்று. அவர் காப்பாற்றியவர்கள் நாற்பத்து மூன்று பேர்.' அதையே ஒரு சின்னக் கல்லில் வெட்டி, ஞாயிறு காலைக்குள் அடிப்படியின் பக்கத்தில் பதித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நன்றாகவே வந்திருந்தது. விஷயம் அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது, பின்னே வராமல் என்ன செய்வார்கள்? கண்டக்டர் ஓர் ஓரமாக, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தலைவர் விழித்திருந்தார். ரிப்பன் வெட்டச் சொல்லி அக்காவிடம் கத்தரிக்கோலை நீட்டினார்கள். அவர் தையல்காரர்தானே, ஒரே நறுக்கு. பேசச் சொன்னார்கள், மாட்டேன் என்றார். நேராகப் படியேறி மேலே போய், தான் தைத்த உறையைக் கல் இருக்கைக்குப் போட்டு, அதில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்தார்.

"வாத்தியாரே, ஏறி வாங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "எண்ணிக்கிட்டே வாங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

வாத்தியார் குடையை என்னிடம் கொடுத்தார். ஒன்று என்றார், இரண்டு என்றார். ஊரே கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரிடம் நின்று நின்று கால் கடுத்தவர்கள்தான் பாதிப்பேர். முப்பதைத் தாண்டியதும் மூச்சு வாங்கியது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. அங்கே ஒரு கணம் நின்றார். காலைத் தூக்கி வைத்தார்.

"நாப்பத்தி மூணு" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

அக்கா திரும்பவில்லை. கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சரியா கேக்கல. கீழ போய் மறுபடியும் ஒண்ணுல இருந்து வாங்க."

வாத்தியார் இறங்கினார்.